பாம்புக்காதும் ஒரு சிணுங்கலும்

அவளுக்குப் பாம்புக்காது என்று பேர் வைத்தது யார் என்பதில் அந்த அலுவலகத்தில் இன்றுவரை தகராறு உண்டு. பேர் பொருத்தம் என்பதில் மட்டும் யாருக்கும் தகராறு இல்லை. மூன்றாவது மாடிக் கூடத்தில் வரிசையாகப் போட்ட மேசைகளில், ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஜன்னல் திரைகள் பாதி இறக்கியிருக்கும். மதியத்துக்கு மேல் உள்ளே வருகிற வெயில் பலதடவை துவைத்த துணியைப் போல மங்கலாக இருக்கும். யாரும் பேச மாட்டார்கள். புதிதாக வந்து எட்டிப் பார்க்கிறவர்கள், இந்தக் கூட்டத்தைச் சம்பளம் கொடுத்துத் தூங்கவைக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

தூக்கமெல்லாம் இல்லை. கேட்பதுதான் அவர்கள் வேலை. காதில் நாலைந்து நொடிக்கு ஒரு சத்தம் வரும். அது என்ன சத்தம் என்று முடிவுகட்டி, திரையில் இருக்கிற பெட்டிகளில் ஒன்றை அமுக்க வேண்டும். கதவு, குழாய், நாய், இருமல், கண்ணாடி உடைவது, குழந்தை அழுகை, மழை. அமுக்கியதும் அடுத்த சத்தம் வந்து நிற்கும். செயற்கை நுண்ணறிவு ஏதோ வானத்திலிருந்து குதித்தது என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் அந்தக் கூடத்தில் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். எந்தக் கணினியும் பிறக்கும்போதே மழையையும் குழாயையும் பிரித்துத் தெரிந்துகொண்டு பிறப்பதில்லை. யாராவது ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து இது மழை, இது குழாய், இதுவும் மழைதான் என்று அலுக்காமல் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போலத்தான். பிள்ளையாவது நடுவில் ஒரு தடவை சிரித்துவைக்கும்.

அந்தச் சத்தங்கள் எல்லாம் யார் யார் வீட்டிலோ பிடித்தவை. பல தேசத்து ஜனங்கள் தங்கள் வீட்டில் கேட்பதைக் கைபேசியில் பதிவுசெய்து, இந்தா வைத்துக்கொள் என்று ஒரு பொதுத் தொகுப்புக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தொகுப்புக்குப் பூட்டு கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், அதை வைத்து எதையாவது செய்யலாம், செய்ததை மறுபடி ஊருக்கே கொடுக்கலாம். பூட்டில்லாத வீட்டில் ஒரு டம்ளர்கூடத் தங்காது என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். இந்த வீட்டில் என்னவோ, வருகிறவர்கள் எதையாவது வைத்துவிட்டுப் போனார்கள்.

பாம்புக்காதுக்கு அந்தச் சத்தங்களில் ஒரு மயக்கம் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டால் ஒவ்வொரு சத்தமும் ஒரு வீடாக விரியும். சாவி விழுந்தால் தரை சிமெண்டா பலகையா என்று தெரியும். இருமினால் அறை எவ்வளவு பெரிது, அதில் திரைச்சீலை உண்டா இல்லையா என்று தெரியும். ஒரு பதிவுத் துண்டில் யாரோ மாடிப்படி ஏறினார்கள். ஏறிக்கொண்டே இருந்தார்கள். மேலே போய்ச் சேர்வதற்குள் துண்டு முடிந்துவிட்டது. அவர் மேலே போனாரா, கதவைத் திறந்தது யார், திறந்ததும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்வரை அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தத்தைத் தாண்டிப்போய் இறங்கித் திரும்பி நடந்தாள்.

இவ்வளவு சத்தத்தில் முழுகி எழுந்து அவள் திரும்பிப் போனது ஒரு சத்தமில்லாத வீட்டுக்கு.

அவள் புருஷன் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். இரும்பு இரும்பைக் கடைகிற சத்தத்துக்கு நடுவில் வருஷக்கணக்கில் நின்றதில் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. முதலில் பறவைகள் போயின. பிறகு வாசல் மணி. கடைசியில் இவள். காதுக்கு மெஷின் வாங்கி மாட்டிப் பார்த்தார்கள். அது நாள்முழுக்க விசிலடித்ததே தவிர ஒரு வார்த்தையும் புரியவைக்கவில்லை. பட்டறையை விட்டுவிட்டு இப்போது வீட்டிலேயே மேசை விசிறிகளும் சின்ன மோட்டார்களும் பழுது பார்க்கிறார். அக்கம்பக்கத்தில் லேத்துக்காரர் என்ற பேர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த மனுஷன் ஒருகாலத்தில் வாய் ஓயாதவர் என்றால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள். பட்டறையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார். முதலாளி தும்மியது, துளைக்கிற ஊசி உடைந்தது, வழியில் இரண்டு பேர் சண்டை போட்டது, அதில் யார் பக்கம் நியாயம். முதலாளி மாதிரியே கழுத்தைச் சாய்த்துப் பேசிக் காட்டுவார். "கொஞ்சம் மூச்சு விட்டுட்டுப் பேசுங்களேன்" என்று இவள்தான் சலித்துக்கொள்வாள். காது போனதோடு அந்தப் பேச்சும் போய்விட்டது. வேணும், வேணாம், சாப்பிட்டாச்சு என்பதோடு சரி. காது கேட்காவிட்டால் வாய்க்கு என்ன வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்கவும் மனசு வரவில்லை.

கல்யாணமான புதிதில் அவளுக்கு அழுகை வந்தால் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவாள். இப்போது அந்தச் சிரமம் இல்லை. அவருக்கு முதுகைக் காட்டி நின்றால் போதும். தண்ணீராவது மிச்சமாகிறது என்று தன்னையே கேலி செய்துகொண்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்புவாள். அவர் விசிறி இறக்கையைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஒன்றும் தெரியாது.

அவர்களுக்கு ஒரு வயது நிரம்பாத பெண் குழந்தை. இவள் வேலைக்குப் போனால் பாப்பாவைப் பார்த்துக்கொள்வது அவர்தான். அங்கேதான் கீழ்வீட்டில் இருக்கிற நாத்தனாருக்கு ஆகவில்லை. கெட்டவள் இல்லை, அவருக்கு அக்கா, பாசக்காரி. அந்தப் பாசம்தான் உபத்திரவம்.

"காது கேக்காதவன்கிட்ட கைப்பிள்ளைய விட்டுட்டுப் போறியே. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்பாங்க. இது அழுதா யாருக்குத் தெரியும்? எங்கிட்ட விடு."

இதை அவள் தம்பியின் எதிரிலேயே சொல்வாள். உதட்டைப் பார்த்தே அவருக்கு முழுக்கப் புரிந்துவிடும். அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போவார். அந்த வீட்டில் அவருக்கென்று மிச்சமிருந்தது அந்தக் குழந்தையின் பகல்கள்தான். அது பாம்புக்காதுக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் அலுவலகத்தில் மேற்பார்வை பார்க்கிற அம்மாள் ஒரு செய்தி சொன்னாள். இவர்கள் பேரிட்டுக் கொடுத்த சத்தங்களை வைத்து, தூங்குமூஞ்சி என்று புனைபெயர் வைத்துக்கொண்ட யாரோ ஒருவர் கைபேசிக்கு ஒரு செயலி எழுதியிருக்கிறாராம். காது கேளாதவர்களுக்கானது. இலவசம். அதன் நிரல் முழுவதும் திறந்து கிடக்கிறது, யாரும் படித்துப் பார்க்கலாம், திருத்தலாம். வீட்டில் ஒரு சத்தம் வந்தால் கைபேசி அதிரும், என்ன சத்தம் என்று திரையில் எழுதிக் காட்டும்.

அன்று சாயங்காலமே லேத்துக்காரர் கைபேசியில் அது ஏறிவிட்டது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவள் வெளியே போய்க் கதவைத் தட்டினாள். பை அதிர்ந்தது. 'கதவு தட்டுகிறார்கள்' என்று வந்தது. குழாயைத் திறந்தாள். 'தண்ணீர்' என்று வந்தது. அப்புறம் ஒருநாள் 'மழை' என்று வந்தது. அவர் ஜன்னலைக்கூடப் பார்க்காமல் மொட்டைமாடிக்கு ஓடிக் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு வந்தார். அந்தத் துணிக் குவியலோடு வாசல்படியில் நின்று சிரித்த சிரிப்பை அவள் பார்த்து வெகுநாளாகியிருந்தது. 'குழந்தை அழுகிறது' என்று வந்தால் கையிலிருக்கிற திருப்புளியைப் போட்டுவிட்டு எழுந்து போவார். நாத்தனார் வாயைத் திறக்க இடமில்லாமல் போயிற்று.

இனி அவள் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். தப்பு என்று அப்போது யாருக்கும் தெரியாது. அவளுக்கு அது சாமர்த்தியமாகத்தான் இருந்தது.

குழந்தைச் சத்தம் வரும்போது இரண்டு பெட்டிகள்தான் இருந்தன. ஒன்று அழுகை. இன்னொன்று விளையாட்டுச் சத்தம். ஆனால் குழந்தைகள் அப்படியா? ம்ம்... ம்ம்... என்று மூக்கால் இழுத்துக்கொண்டு ஒன்று வரும். பக்கத்து மேசைக்காரி திருதிருவென்று விழித்துவிட்டு இவள் தோளைத் தட்டுவாள். இவள் ஹெட்போனை வாங்கி ஒரு நொடி கேட்பாள்.

"அழுகையெல்லாம் இல்ல. சும்மா சிணுங்குது. ரெண்டு தட்டு தட்டினா அடங்கிடும். விளையாட்டுல போடு."

பெற்றவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அதுவும் பாம்புக்காது சொன்னால். அந்த மேசையிலிருந்து அடுத்த மேசை, அங்கிருந்து அதற்கடுத்தது என்று கூடம் முழுவதுக்கும் அது சட்டமாகிவிட்டது. அத்தனை வீட்டுச் சிணுங்கல்களும் விளையாட்டுப் பெட்டியில் போய் விழுந்தன. கணினியும் சமர்த்துப் பிள்ளையாக அதைக் கற்றுக்கொண்டது. விளையாடுகிற குழந்தைக்காகக் கைபேசி எதற்கு அதிர வேண்டும்?

ஒருநாள் பிற்பகல் நாத்தனார் எதற்கோ மேலே வந்தாள். தம்பி முன்னறையில் ஒரு விசிறியைப் பிரித்துப்போட்டு வேலையில் ஆழ்ந்திருந்தார். உள்ளறையில் தொட்டிலில் பாப்பா கிடந்தாள். தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதிக்கிறது. அழக்கூடத் தெம்பில்லாமல் ம்ம்... ம்ம்... என்று இழுத்துக்கொண்டிருக்கிறது. எவ்வளவு நேரமாக என்று யாருக்குத் தெரியும்? கைபேசி அவர் சட்டைப்பையில் கல்லைப்போல இருந்தது.

பாம்புக்காது அடித்துப்பிடித்துக்கொண்டு வந்துசேர்வதற்குள் மருத்துவரிடம் காட்டி மருந்து கொடுத்திருந்தார்கள். பயமில்லை என்றார் மருத்துவர். காய்ச்சல் இரண்டொரு நாளில் இறங்கியும்விட்டது. வீட்டில் ஏறிய பாரம்தான் இறங்கவில்லை.

"நாளையிலேர்ந்து பகல்ல பிள்ளை கீழ இருக்கட்டும்" என்றாள் நாத்தனார். குரலில் கோபம்கூட இல்லை. அதனால் மறுத்துப் பேசவும் வழியில்லை.

லேத்துக்காரர் கைபேசியைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் குப்புற வைத்தார். "நான்தான் எழுந்து போய்ப் பாக்காம விட்டுட்டேன். அக்கா சொல்றது சரி" என்றார். தன் குரலின் அளவு அவருக்குத் தெரியாது. அது பக்கத்தில் நிற்பவருக்கே எட்டாத அளவுக்கு வந்தது.

மறுவாரம் முழுவதும் அவள் தூங்குமூஞ்சியைத் திட்டித் தீர்த்தாள், மனசுக்குள்தான். இலவசமாகக் கொடுத்தால் இப்படித்தான் இருக்கும், ஒரு குழந்தை சிணுங்குவதுகூடவா தெரியாது அந்தச் சனியனுக்கு? அப்படித் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்த ஒரு மதியம், ஹெட்போனில் ஒரு குழந்தை ம்ம்... ம்ம்... என்றது. அவள் விரல் பழக்கத்தில் தானாக விளையாட்டுப் பெட்டியின் மேல் போய் நின்றது.

அமுக்கவில்லை. விரல் அங்கேயே நின்றது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாள். அது தன் முகமாகவே இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது. காதிலிருந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கூடம் வழக்கம்போல அமைதியாக இருந்தது. மங்கின வெயிலில் வரிசையாகத் தலைகள், வரிசையாக விரல்கள். அவள் சொல்லிக்கொடுத்ததைத்தான் எல்லா விரலும் அமுக்கிக்கொண்டிருந்தன.

மேற்பார்வை அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள். "வெளிய சொல்லாத. நாமளே சத்தமில்லாம சரி பண்ணிடலாம்."

"சத்தமில்லாமதான்மா வந்தது இத்தனையும்" என்றாள் பாம்புக்காது. "எங்க வீட்ல ஒரு நாத்தனார் இருந்தாங்க, மேல வந்து பாத்தாங்க. இந்தச் செயலியை நம்பிக்கிட்டு இன்னும் எத்தனை வீடு இருக்கோ. எல்லா வீட்லயும் கீழ்வீடு இருக்குமா?"

ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் வீட்டுக்குச் சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம் அவர் எதிரில் உட்கார்ந்து, கையிலிருந்த திருப்புளியை வாங்கி வைத்தாள். "நான் சொல்றதைப் பாருங்க" என்றாள். கேளுங்க என்று சொல்வதை அந்த வீட்டில் விட்டு வெகுநாளாகிறது. மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, உதட்டைத் திறந்து சொன்னாள். அவர் இடையில் நிறுத்தவில்லை. முடிந்தபிறகும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் ஏதாவது வருமோ என்பதுபோல.

"அப்போ ஃபோன் தூங்கல" என்றார்.

"தூங்கல. நான் சொன்னபடி கேட்டிருக்கு."

"நானும் தூங்கல."

"இல்லவே இல்ல. என் தப்பு."

அவர் கைபேசியை எடுத்து நிமிர்த்தி வைத்தார். "உனக்கு அது காதுல விழுது. அதனால சின்ன விஷயம். கேக்காதவனுக்கு அதுல சின்னது பெருசு ஏது?" அவள் எதிர்பார்த்திருந்த திட்டைவிட அது கனமாக இருந்தது.

அந்தச் செயலிக்கு ஒரு பொதுப் பக்கம் உண்டு. பிழை கண்டவர்கள் எழுதலாம், உலகமே படிக்கும். அதில் அவள், இன்ன அலுவலகத்தில் பேரிடுகிற வேலை செய்கிறவள், சிணுங்கல்களை விளையாட்டில் போட்டவள் நான், போடச் சொன்னவளும் நான் என்று எழுதினாள். எழுதிவிட்டு, வேலை போனால் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

தூங்குமூஞ்சியின் பதில் வந்தது. ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று அதிலும் தெரியவில்லை. 'எனக்கும் காது கேட்காது. பிறந்ததிலிருந்தே. சிணுங்கல் என்று ஒன்று இருப்பது நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. உங்களைக் குறை சொல்ல எனக்கு என்ன தெரியும்? மறைத்திருந்தால் கண்டுபிடித்திருக்கவே முடியாது. ஒரு புதிய பெட்டி சேர்க்கிறேன். அதற்கு முன், சிணுங்கல் என்றால் எப்படி இருக்கும் என்று எனக்கு எழுதுவீர்களா?'

ஒரு சத்தத்தை, சத்தமே தெரியாத ஒருவருக்கு எழுத வேண்டும். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அவளுக்கு அதே நினைப்பு. ஜன்னலுக்கு வெளியே தெருக்கள் கலங்கி ஓடின. கேட்டிருந்த சிணுங்கல்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எந்தெந்த வீட்டிலோ இருட்டான அறைகள், தொட்டில்கள், மூடின கதவுகள். அந்தக் கதவுகளுக்கு இந்தப்பக்கம் நின்று அவள் இத்தனை நாளும் பேர் மட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். எழுதி எழுதி அடித்தாள். கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: 'அழுகை என்பது கூப்பிடுவது. சிணுங்கல் அப்படியில்லை. கூப்பிடலாமா வேண்டாமா என்று தெரியாமல், யாராவது தானாக வருவார்களா என்று பார்க்கிற சத்தம்.'

இந்த வாசகத்தைத் தூங்குமூஞ்சி அந்தப் பக்கத்தின் தலைப்பிலேயே போட்டுவிட்டார். எங்கெங்கோ இருக்கிற பெற்றவர்கள் தங்கள் வீட்டுச் சிணுங்கல்களைப் பிடித்து அனுப்பினார்கள். மூன்றாம் மாடிக் கூடத்தில் பழையதையெல்லாம் மறுபடி போட்டுக் கேட்டார்கள். மேற்பார்வை அம்மாள் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளே ஒரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வேலை போகவில்லை.

திருத்திய செயலி வந்தது. நாத்தனாரை மேலே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. பேச்சு வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தபோது லேத்துக்காரர் பையில் கை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். போய்த் தொட்டிலில் ஒரு தட்டு தட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எனக்கே கேக்கலையே" என்றாள் நாத்தனார். எழுந்துகொண்டே, "சரி, உம்பிள்ளைய நீயே பாத்துக்க. எனக்கும் இடுப்பு வலி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

பகல்கள் அவருக்குத் திரும்பக் கிடைத்தன. கதை இதோடு முடிந்திருந்தாலும் நல்ல கதைதான்.

அதற்குப் பிறகு ஒரு மழைநாள் சாயங்காலம். அன்று அவள் கேட்ட துண்டு ஒன்றில் யாரோ ஒரு புருஷன் பெண்சாதியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். தெரியாத பாஷை. கதவு திறந்து மூடுகிறது, செருப்பு விழுகிறது, அவன் பேசிக்கொண்டே வருகிறான், அவள் சிரிக்கிறாள். துண்டு முடிந்தது. மனிதக் குரல் என்ற பெட்டியை அமுக்கினாள். அந்தச் செருப்பு விழுந்த சத்தம் வீடுவரை கூடவே வந்தது. சமையலறையில் நின்று பாத்திரத்தைத் துடைக்கும்போது அது நெஞ்சில் முட்டியது. அவள் வழக்கம்போல முதுகைத் திருப்பிக்கொண்டாள். சத்தம் போட்டெல்லாம் இல்லை. மூக்கோடு, ம்ம்... ம்ம்... என்று.

முன்னறையில் லேத்துக்காரர் தோளில் குழந்தையோடு நடந்துகொண்டிருந்தார். பை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். 'குழந்தை சிணுங்குகிறது.' தோளில் கிடந்த முகத்தைக் குனிந்து பார்த்தார். வாயை லேசாகத் திறந்துகொண்டு அயர்ந்து தூங்குகிறது. கைபேசி மறுபடி அதிர்ந்தது. அதே எழுத்து. அவர் அப்படியே நின்றார். பிறகு, அந்த வீட்டில் சத்தம் வரக்கூடிய இன்னொரு இடத்தைப் பார்த்து நடந்தார்.

தோளில் கை பட்டதும் அவள் திடுக்கிட்டாள். கண்ணைத் துடைக்க நேரமில்லை. குழாயைத் திறந்துவிட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. அவர் கைபேசியை அவள் முன்னால் நீட்டினார்.

"பாப்பா தூங்குறா. இது யாரு?"

"ஒண்ணுமில்ல" என்று வாயசைத்தாள்.

"இது பொய் சொல்லாது. நீ சொல்லிக்கொடுத்தது." அவர் அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். "எத்தனை நாளா இப்படி முதுகைக் காட்டிட்டு நிக்கிற? என்னைப் பாத்து அழு."

அவரைப் பார்த்தே அழுதாள். அழுதுகொண்டே, அவருக்குப் புரிகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "நீங்க எங்கிட்ட பேசறதே இல்ல."

அவர் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "என் குரல் எனக்கே கேக்கல. கத்துறேனா முணுமுணுக்கிறேனா, தெரியல. ஒருநாள் பஸ்ல ஏதோ கேட்டேன், எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அதோட வாயை மூடிட்டேன்."

"கத்துங்க" என்றாள் அவள்.

"தெருவுக்கே கேக்கும்."

"கேக்கட்டும். நீங்க கத்துங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, காலையில் ஒருத்தன் கொண்டுவந்த விசிறிக்குள் எலிக் குடும்பமே குடியிருந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். முன்பு முதலாளியைக் காட்டியதுபோலக் கழுத்தைச் சாய்த்து, அந்த விசிறிக்காரன் பேசியதைப் பேசிக் காட்டினார். உண்மையில் ரொம்பச் சத்தம்தான். கீழ்வீட்டுக் கதவு திறந்தது. குழந்தை விழித்துக்கொண்டு வீரிட்டு அழுதது. பையில் கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. அவர் அதை எடுத்துப் பார்க்காமல் குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, அடுத்து அந்த எலி என்ன செய்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.